பம்பை நிற்கும் இடம்

பட்டினப்பாக்கத்தில் எங்கள் தெரு அம்மன் கோயிலில் ஆடி மாதம் பாடும் பாட்டுக்குப் புத்தகம் கிடையாது. மெட்டு பழையது, வரிகள் வருஷா வருஷம் புதியவை. கூழ் ஊற்றும் நாளுக்கு முன்னால் பம்பைக்காரர் வீடு வீடாக வந்து உட்கார்ந்து, டீ குடித்தபடி அந்தந்த வீட்டுக் கஷ்டத்தைக் கேட்டுக்கொள்வார். அதையே வரியாகக் கட்டி, இடுப்பில் தொங்கும் இரட்டை மேளத்தை அடித்து அம்மனிடம் பாடுவார். ஒரு வரி முடிந்ததும் பம்பை நிற்கும். கூடியிருக்கும் பெண்கள் அதைத் திருப்பிப் பாட வேண்டும். எந்த வீட்டு வரியோ அந்த வீட்டுக்காரி வாயைத் திறக்காவிட்டால் மேளம் நகராது, சாமியும் இறங்காது.

என் கணவர் என்னை விட்டுப் போயிருந்தார். துபாயில் வேலை என்று தெருவில் சொல்லி வைத்திருந்தேன். உண்மை தெரிந்தது என் அம்மாவுக்கு மட்டும்தான்.

கூழ் ஊற்றும் நாளன்று மதியம், படகு உடைந்த வீட்டு வரிக்குப் பிறகு என் முறை வந்தது. "தாலி கட்டிப் போனவன், வேற வூடு தேடிக்கினான்" என்று பம்பைக்காரர் உருக்கமாகப் பாடினார். அவருக்கென்ன, நல்ல வரி கிடைத்துவிட்டது. அவரிடம் இதைச் சொன்னது யாரென்று எனக்கு அப்போதே புரிந்தது. பெண்கள் திருப்பிப் பாடினார்கள், சிலர் ரசித்து. நான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். அவர் என்னைப் பார்த்தபடியே அதே வரியை மறுபடி எடுத்தார். எல்லோரையும்விடச் சத்தமாகப் பாடிக்கொண்டிருந்த அம்மா என் தொடையில் கிள்ளினாள். ஊரறியப் பாடினால் அம்மன் மாப்பிள்ளையைத் திருப்பி அனுப்புவாள் என்று அவளுக்கு நம்பிக்கை. அவளைக் கொன்றுவிடலாம் போலிருந்தது. பாடித் தொலைத்தேன்.

பம்பை வேகமெடுத்தது. சாமி என் அம்மாவின் மேலேயே வந்தது. கொண்டை அவிழ ஆடினாள். இவள் புருஷன் வருவானா தாயே என்று பம்பைக்காரர் கேட்டார்.

"வரமாட்டான். இவகூட எவன் குடும்பம் பண்ணுவான்?"

தெருவே கன்னத்தில் போட்டுக்கொண்டது. சாமியை எதிர்த்துப் பேச முடியுமா?

மேளம் அடங்கியதும் அம்மாவின் முகத்தில் தண்ணீர் தெளித்து உட்கார வைத்தார்கள். சாமி வந்தவர்களுக்குத் தாம் சொன்னது எதுவும் நினைவிருக்காது. கூழை வாங்கிக்கொண்டு அம்மா ஆசையாக என்னைக் கேட்டாள்.

"சாமி இன்னா சொல்லிச்சு? மாப்பிள்ள வந்துருவாராமா?"

ஒரு வார்த்தை மாற்றாமல் சொன்னேன். அவள் துடித்துப்போவாள் என்று காத்திருந்தேன். அம்மா கூழை ஒரு வாய் குடித்தாள்.

"சாமி பொய் சொல்லுமா?" என்றாள்.