சேரிப் பள்ளிக்கு இருபத்தைந்து தலை

வாத்தியார் வேலையில் பாடம் சொல்லிக் கொடுப்பது கடைசியாகத்தான் வரும். அதற்கு முன்னால் பாடம் கேட்க ஆள் பிடிக்க வேண்டும். இதை அனுபவித்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அனுபவிக்காதவர்கள் புண்ணியம் செய்தவர்கள், அவர்களும் கேட்கலாம்.

நான் வில்லியனூர்க்காரன். அப்பாவுக்குக் கடைத்தெருவில் மளிகைக் கடை. பரீட்சை தேறி பிரெஞ்சு சர்க்காரில் வாத்தியார் உத்தியோகம் கிடைத்ததும், பாகூர் ஏரிக்குக் கிழக்கே ஒரு சேரியில் புதிதாகத் திறந்த பள்ளிக்கு என்னை அனுப்பினார்கள். கூரைக் கட்டடம், கரும்பலகை, புத்தகம், வாத்தியார் எல்லாம் சர்க்கார் உபயம். நிபந்தனை ஒன்றுதான். ஒரு வருஷத்துக்குள் இன்ஸ்பெக்டர் எந்த நாளிலும் வருவார். வருகிற அன்று பள்ளிக்குள் இருபத்தைந்து பிள்ளைகள் உட்கார்ந்திருக்க வேண்டும். ஒரு தலை குறைந்தாலும் பள்ளியை மூடிவிடுவார்கள். அப்புறம் சேரிப் பிள்ளைகள் ஊருக்குள் இருக்கும் பெரிய பள்ளிக்குத்தான் போக வேண்டும். அங்கே அவர்களுக்கு என்ன மரியாதை கிடைக்கும் என்று எல்லோருக்கும் தெரியும்.

எனக்கு அப்போது இருபத்து மூன்று வயது. இருபத்தைந்து என்ன, ஐம்பதே சேர்ப்பேன் என்று மார்தட்டிக்கொண்டு போனேன்.

சைகோன் பயம்

முதல் நாள் பதிவு நோட்டை விரித்துக்கொண்டு உட்கார்ந்தேன். முதலில் வந்தவள் அஞ்சலை. சேரியில் நடவுக்குப் போகும் பெண்களுக்கு அவள்தான் தலைவி. எந்த வயலில் எப்போது இறங்குவது, எப்போது கரையேறுவது என்று அவள் சொன்னால் சரி. தன் மகள் பேரை எழுதச் சொன்னாள். அவளுக்குப் பின்னால் வரிசையாகப் பெண்கள் வந்தார்கள். மத்தியானத்துக்குள் பதினாலு பேர் சேர்ந்துவிட்டார்கள். பதினாலும் பெண் குழந்தைகள்.

அந்தக் காலத்தில் பட்டணத்திலேயே பெண்ணைப் படிக்க அனுப்ப நூறு முறை யோசிப்பார்கள். சேரியில் நான் காலடி வைத்ததும் பெண்கல்வி பொங்கி வழிகிறதே என்று எனக்கு ஒரே பூரிப்பு. அது அரை மணி நேரம்தான் நிலைத்தது. பையன்கள் எங்கே என்று கேட்டேன். எல்லோரும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தார்கள். பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. சர்க்கார் நோட்டில் பேர் ஏறினால் பையனைச் சொல்தாவாகப் பிடித்துப்போய், அதாவது பிரெஞ்சுப் பட்டாளத்தில் சிப்பாயாக்கி, சைகோனுக்குக் கப்பல் ஏற்றிவிடுவார்களாம். பையன்கள் அத்தனை பேரும் கரும்புத் தோட்டத்துக்குள் ஒளிந்திருந்தார்கள்.

"அப்படியானால் பெண்களை மட்டும் எந்தத் தைரியத்தில் எழுதச் சொல்கிறாய்?" என்றேன். அஞ்சலை என்னைக் கொஞ்சம் பரிதாபமாகப் பார்த்தாள்.

"பொட்டப் புள்ளைங்கள வச்சினு தொர சைகோன்ல இன்னா பண்ணப் போறாரு? நீ எழுதிக்கோ சாமி."

பத்திரமாக இருந்த பலகைகள்

பெண் பிள்ளைகள் 'அ', 'ஆ' எழுதப் பழகியும் ஒரு கப்பலும் வரவில்லை என்று தெரிந்ததும் பையன்கள் ஒவ்வொருவராகக் கரும்பை விட்டு வெளியே வந்தார்கள். நோட்டில் முப்பதைத் தாண்டிவிட்டேன். அந்தச் சமயத்தில்தான் சர்க்கார் ஆளுக்கொரு கல் பலகையும் பலப்பமும் அனுப்பியது. எல்லோருக்கும் கொடுத்து வீட்டுக்கு அனுப்பினேன். மறுநாள் ஒருத்தர் கையிலும் பலகை இல்லை. அதற்கு மறுநாளும் இல்லை. நாலாம் நாள் ஆறு பிள்ளைகள் பள்ளிக்கே வரவில்லை.

வீடு வீடாகப் போனேன். பலகைகள் எல்லாம் உறியில் தொங்கின. ஒரு வீட்டில் பழைய புடவைத் துணியில் சுற்றி, மேலே மஞ்சள் தடவி வைத்திருந்தார்கள். சர்க்கார் சாமான் உடைந்தால் போலீசு வரும் என்று பயம். பலகை இல்லாமல் வந்தால் வாத்தியார் அடிப்பார் என்று இன்னொரு பயம். அதனால் பிள்ளைகளையும் நிறுத்திவிட்டார்கள். நானும் எத்தனையோ விதமாகச் சொல்லிப் பார்த்தேன். கேட்கிற முகம் ஒன்றும் தெரியவில்லை. எனக்குப் பொறுமை கொஞ்சம் குறைவு. தெருவில் எல்லோரையும் கூட்டி, என் பலகையைத் தலைக்கு மேல் தூக்கி, ஒரு கல்லின் மேல் போட்டு உடைத்தேன்.

ஒரு நாள் பார்த்தார்கள், இரண்டு நாள் பார்த்தார்கள். மூன்றாம் நாள் காலையில் நான் தெருவுக்குள் நுழையும்போது ஒரு தாய் உறியில் கை வைத்துக்கொண்டு மகளிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"வாத்தியாரே ஒடச்சாச்சி, ஒரு போலீசுகாரனும் வர்ல. எடுத்துனு போடி."

பெஞ்சும் வரப்பும்

அடுத்து மாட்டு வண்டியில் நாலு பெஞ்சு வந்து இறங்கியது. எங்கள் பள்ளி வயலுக்குப் போகிற பாதையை ஒட்டி இருந்தது. அந்த வயல்கள் பெரிய பண்ணைக்காரருடையவை. சேரியில் பாதிப் பேர் அவர் நிலத்தில்தான் வேலை செய்தார்கள். அவர் வேண்டாம் என்றால் மறுநாள் அடுப்பு எரியாது. தினமும் காலையில் குடை பிடித்துக்கொண்டு பள்ளியைத் தாண்டிப் போவார். பெஞ்சு வந்த மறுநாள் அவர் தலை தெரிந்ததும் முப்பது பிள்ளைகளும் பெஞ்சிலிருந்து சரிந்து தரையில் உட்கார்ந்தார்கள். யாரும் சொல்லவில்லை. அவர்கள் உடம்பே அப்படிப் பழகியிருந்தது. அதைப் பார்த்து எனக்கு வந்த கோபம் இன்னும் முழுசாக ஆறவில்லை.

"எழுந்து மேலே உட்காருங்கள்" என்றேன். உட்கார்ந்தார்கள். அவர் வாசலில் நின்றுவிட்டார்.

"நான் கீழ சேத்துல நடந்து போறேன், இதுங்க மேல குந்தினு என்னப் பாக்குதுங்க. பெஞ்ச எடுத்துப் போடுங்க வாத்தியாரே" என்றார்.

"தாராளமாகப் போடலாம். சர்க்கார் பெஞ்சு ஆச்சே, இன்ன காரணத்துக்காக எடுக்கச் சொல்கிறேன் என்று ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள். அதை அப்படியே புதுச்சேரிக்கு அனுப்பிவிடுகிறேன்" என்றேன். பவ்யமாகத்தான் சொன்னேன். அந்த வருஷம் கொம்யூன் தேர்தலில் மேர், அதாவது ஊராட்சித் தலைவர், பதவிக்கு அவருக்கு ஒரு கண் இருந்தது. சேரியிலும் ஓட்டு இருந்தது. நான் நீட்டிய காகிதத்தைப் பார்த்தார், பிள்ளைகளைப் பார்த்தார், போய்விட்டார். மறுநாளிலிருந்து எங்கள் பாதையில் காணோம். ஒரு வாரம் கழித்துக் கடைத்தெருவில் எதிரே வந்தவர், நான் கேட்காமலே சொன்னார்.

"அந்தாண்ட வரப்புல போனா எனக்குக் கிட்டதான் வாத்தியாரே. இத்தினி நாளா தெரியாமப் பூட்ச்சி."

நல்ல மனுஷர்

ஊர்ப் பள்ளித் தலைமை வாத்தியார் கெட்டவர் இல்லை. வெற்றிலை வாங்கிக் கொடுப்பார், பிரெஞ்சில் சந்தேகம் கேட்டால் தீர்த்து வைப்பார். ஒரு நாள் என் அலைச்சலைப் பார்த்து மனசு இளகி, "எதுக்கு இந்தப் பாடு? மூடினா மூடட்டும். புள்ளைங்கள என்கிட்ட அனுப்பு, நான் பாத்துக்கறேன்" என்றார். எங்கே உட்கார வைப்பீர்கள் என்று கேட்டேன். ஒரு நொடி யோசித்தார். அவர் முகத்தில் கருணைக்குக் குறைவே இல்லை.

"வெளித் தாழ்வாரம் சும்மாதான கெடக்குது. மழையில நனைய மாட்டாங்கப்பா."



நடவு நாள்

வருஷம் முடிய இருபது நாள் இருந்தது. சம்பா நடவு மும்முரம். அந்தச் சமயத்தில் பிள்ளைகள் முக்கால்வாசிப் பேர் தாய்மாரோடு வயலில் நிற்பார்கள். தெரிந்தாற்போல் அன்றுதான் இன்ஸ்பெக்டரின் மோட்டார் வந்து நின்றது. வெள்ளைக்காரர், கூட ஒரு மொழிபெயர்ப்பாளர். உள்ளே வந்து விரல் விட்டு எண்ணினார். ஒன்பது. நோட்டை மூடப் போனார்.

"முசே, கொஞ்சம் நடக்கலாமா?" என்று எனக்குத் தெரிந்த பிரெஞ்சில் கேட்டு, அவரை வரப்புக்கு அழைத்துப் போனேன். வரப்பில் நின்று வருகை நோட்டைப் பிரித்துப் பேர் கூப்பிட்டேன். பிரெஞ்சுப் பள்ளிகளில் 'உள்ளேன்' என்பதற்கு 'பிரெசான்' என்றுதான் பதில் சொல்ல வேண்டும். முழங்கால் சேற்றில் நாற்று முடியோடு நின்ற பிள்ளைகள் ஒவ்வொருவராக நிமிர்ந்து "பிரெசான்" என்றார்கள். இருபத்திரண்டு குரல் வந்தது. இன்ஸ்பெக்டருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனாலும் தலையை ஆட்டினார். பள்ளிக்குள் உட்கார்ந்திருக்க வேண்டும், சட்டம் அப்படி, என்று மொழிபெயர்ப்பாளர் சொன்னார். பிள்ளை கரையேறினால் நாற்றுக் கட்டை எடுத்துக் கொடுக்க ஆளில்லாமல் நடவு நின்றுவிடும். எதிர் வரப்பில் பெரிய பண்ணைக்காரர் குடையோடு நின்றுகொண்டிருந்தார். நான் வருகை நோட்டை மூடினேன்.

அஞ்சலை என்னைப் பார்த்தாள், துரையைப் பார்த்தாள். கையிலிருந்த நாற்றைத் தண்ணீரில் போட்டாள். அவள் கரையேறினாள். பெண்கள் எல்லோரும் பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டு பின்னால் ஏறினார்கள். சேற்றுக் காலோடு முப்பத்தொரு பிள்ளைகளும் பள்ளிக்குள் போய் உட்கார்ந்தார்கள். இன்ஸ்பெக்டர் எண்ணினார், இன்னொரு தடவை எண்ணினார், நோட்டில் பள்ளி தொடரலாம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். நான் வெட்கமில்லாமல் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

பண்ணைக்காரர் வேகமாக வந்தார். "இன்னா அஞ்சல, பறிச்ச நாத்த அப்பிடியே போட்டுட்டு வந்துட்ட?" என்றார். நாளைக்கு வேலை இல்லை என்று அவர் சொல்லிவிடலாம். அது அவளுக்கும் தெரியும். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு நிதானமாகச் சொன்னாள்.

"தண்ணியில கெடக்கற நாத்து நாளிக்கும் உசுரோட இருக்கும் ஆண்ட. பள்ளிக்கூடம் இன்னிக்குப் போனா போனதுதான்."

ஆக, அந்தப் பள்ளிக்குக் கூரையும் பெஞ்சும் கொடுத்தது சர்க்கார், பிள்ளைகளைக் கொடுத்து அதைக் காப்பாற்றியது நடவுக்காரப் பெண்கள், பள்ளியை நிலைநிறுத்திய வாத்தியார் என்று மாலை போட்டுக்கொண்டது மட்டும் அடியேன்.