பெரியத்தா சாப்பிட்ட ஞாபக மாத்திரை

சூலியா தெருவில் அத்தா நடத்திய சாப்பாட்டுக் கடையில் அப்போதெல்லாம் ஆர்டரை எழுதும் வழக்கம் கிடையாது. மேசை மேசையாகக் கேட்டு வரும் கடை வேலைக்கார அண்ணன் நடுக்கடையில் நின்றபடியே, "தே ஓ கோசோங் ரெண்டு, கோப்பி ஒண்ணு, சிராப் ஒண்ணு" என்று குரல் கொடுப்பார். தேநீர் கலக்கும் பெரியத்தா, அதாவது அத்தாவின் அண்ணன், தலையைக்கூடத் திருப்ப மாட்டார். கேட்டது கேட்டபடி கிளாஸ்கள் வரிசையாக வந்து நிற்கும். நாற்பது வருடமாக அப்படித்தான். காதில் பேனா செருகிய தேநீர் மாஸ்டர்களைக் கண்டால் அவருக்கு இளக்காரம்.

எனக்கு ஒன்பது வயதானபோது அவருக்கு அறுபத்தெட்டு. அந்த வருடம்தான் கிளாஸ்கள் மாறத் தொடங்கின. கோப்பி கேட்டவருக்கு தே போனது. யாரும் பெரிதுபடுத்தவில்லை. பிறகு ஒருநாள், பாலும் சீனியும் இல்லாத தே ஓ கோசோங் கேட்ட சர்க்கரை நோயாளி ஒருவருக்கு நாக்கில் ஒட்டும் அளவுக்குச் சீனி போட்ட தேநீர் போய்விட்டது. மனிதர் கடையையே இரண்டாக்கிவிட்டார். அன்று மாலையே அத்தா ஒரு கட்டுத் துண்டுச் சீட்டு வாங்கி வந்தார்.

"சீட்டப் பாத்துக் கலக்க நான் எதுக்குடா? ஒரு மாசம் குடு. சரி பண்ணிக் காட்டுறேன்" என்றார் பெரியத்தா.

"சரிண்ணே, ஒரு மாசம்தான் லா. அப்புறம் அடம் பிடிக்கக் கூடாது."

மறுநாளே பெரியத்தா போருக்குப் புறப்பட்டதுபோல் ஆயத்தமாகிவிட்டார். ஞாபக சக்திக்கு ஜிங்கோ மாத்திரை, மூளைக்கு மீன் எண்ணெய், மூட்டுக்கு ஒன்று, தெம்புக்கு ஒன்று என்று அலமாரியில் புட்டிகள் ஏறின. விடியலில் வல்லாரைச் சாறு. அதைக் குடிக்கும்போது அவர் முகம் போகும் போக்கைப் பார்க்கவே நான் சீக்கிரம் எழுவேன். பிறகு கடற்கரையோரம் வேக நடை. திரும்பி வந்ததும் கதவுப் பிடியைப் பற்றிக்கொண்டு இருபது தோப்புக்கரணம்.

எனக்கும் ஒரு பதவி கிடைத்தது. தினமும் மாலை அஸர் தொழுகைக்குப் பிறகு என் பள்ளி நோட்டிலிருந்து பத்து ஆர்டர்களை வாசிக்க வேண்டும். அவர் கண்ணை மூடிக்கொண்டு வரிசையாகத் திருப்பிச் சொல்வார். நான் சரி, தப்பு போட வேண்டும். பள்ளிக்கூடத்தில் எல்லாரிடமும் தப்பு வாங்கிய எனக்கு, தப்பு போடும் அதிகாரம் கிடைத்ததில் தலைகால் புரியவில்லை.

முதல் வாரம் ஆறுக்கு மேல் அவர் தாண்டவில்லை. ஒவ்வொரு தப்புக்கும், "எது விட்டேன்? எது?" என்று கேட்டுத் தொடையில் அடித்துக்கொள்வார். எனக்கு அது பொறுக்கவில்லை. பெரியத்தா மேல் எனக்கு உயிர். ஆகவே ஒரு தந்திரம் செய்தேன். தினமும் புதுப் பக்கத்தில் அதே பத்தை அதே வரிசையில் எழுதி வாசிக்க ஆரம்பித்தேன். ஏழானது, ஒன்பதானது, மூன்றாவது வாரம் பத்துக்குப் பத்து. அவர் என்னைத் தூக்கிச் சுற்றினார்.

"மாத்திர வேல செய்யுது பாத்தியா!" என்று மறுநாளிலிருந்து இரண்டாக விழுங்கினார்.

இரண்டு நாளில் மூக்கிலிருந்து ரத்தம் வந்தது. நிற்கவே இல்லை. கிளினிக் டாக்டரம்மா புட்டிகளையெல்லாம் மேசையில் பரப்பிப் பார்த்துத் தலையில் கை வைத்தார். இதயத்துக்காகப் பெரியத்தா ஏற்கெனவே ரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுகிறார். அதோடு ரத்தத்தை இன்னும் இளக்கும் இந்த ஜிங்கோவையும் யாரைக் கேட்டுச் சேர்த்தீர்கள் என்று அத்தாவைத் திட்டினார். புட்டிகள் குப்பைக்குப் போயின. பெரியத்தா கலங்கவில்லை. "போனாப் போவுது. வேண்டியது ஏறிடுச்சு" என்று நெற்றியைத் தட்டிக் காட்டினார்.

மாதக் கடைசி வெள்ளிக்கிழமை. பள்ளி விடுமுறை. ஜும்மா தொழுகை முடிந்து கூட்டம் நெருக்கியடித்தது. அண்ணன் பத்து ஆர்டர்களை ஒரே மூச்சில் கூவினார். பெரியத்தா கை பறந்தது. பத்து கிளாஸ்கள் வந்து நின்றன.

அண்ணன் திகைத்தார். "இதுல பாதி யாருமே கேக்கலியே!"

எனக்கோ பார்த்ததும் தெரிந்துவிட்டது. அது என் பட்டியல். "அத்தா, பத்தும் சரி! வரிசகூட மாறல!" என்று கத்தியபடி நோட்டை ஆதாரமாக நீட்டினேன்.

அத்தா பக்கத்தைப் புரட்டினார். அடுத்த பக்கத்தையும் புரட்டினார். நோட்டைப் பெரியத்தாவிடம் கொடுத்தார். அவரும் புரட்டினார்; எல்லாப் பக்கத்திலும் அதே பத்து.

"தெனமும் இதே பத்தத்தான் கேட்டியாம்மா?"

"ஆமா பெரியத்தா. நீங்க எல்லாத்தையும் சரியாச் சொன்னீங்களே!"

அவர் என்னைத் திட்டவில்லை. பத்து கிளாஸையும் தொட்டியில் கவிழ்த்தார். என் கையிலிருந்த பென்சிலை வாங்கி அண்ணனிடம் கொடுத்தார். "எழுதிக் குடு. நல்லாப் பெருசா எழுது. இந்த எடத்த விட்டு நான் போவ மாட்டேன்" என்றார். சீட்டைக் கண்ணெதிரே ஒட்டி, ஒவ்வொன்றாகப் பார்த்து மறுபடி கலக்கினார். ஒன்றுகூடத் தப்பவில்லை.

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. நான் பாஸ் போட்டும் இவர் தோற்றுப்போய்விட்டாரே என்று இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. நான் போட்ட அத்தனை சரிகளுக்கும் பிறகு, அன்று அந்தச் சீட்டைக் கேட்டு வாங்கித்தான் அவர் ஜெயித்தார் என்பது எனக்கு அப்போது தெரியாது.