பெட்டிக்குள் ஒரு நாழிகை

சட்டைத் தொழிற்சாலையில் அவளுக்கு மகாராணி என்று பெயர். மரியாதையில் வைத்த பெயர் இல்லை, வயிற்றெரிச்சலில் வைத்தது. பகலெல்லாம் செக்கிங் மேஜையில் நின்று பிசிறு வெட்டி, கோணல் தையலைச் சாக்பீஸால் சுழித்துத் திருப்பி அனுப்புகிறவள், சாயங்காலம் கிரீடம் வைத்துக்கொண்டு ஒரு தேசத்தையே ஆட்டிவைக்கிறாள் என்றால் பக்கத்து மேஜைக்காரிகளுக்குப் பொறுக்குமா? "மகாராணி, இந்தக் காலரைக் கொஞ்சம் பார்த்து அருளணும்" என்பார்கள். அவளும் சளைத்தவள் இல்லை. "இதைத் தெச்சவ கையை வெட்டுங்கடி" என்று அரியணைக் குரலில் சொல்லிவிட்டு அடுத்த சட்டையை எடுப்பாள்.

வயது நாற்பத்திரண்டு. இரண்டு தடவை கல்யாணம் கூடி வந்தது. இரண்டு தடவையும் நாடகத்தை விடச் சொன்னார்கள். அவள் மாப்பிள்ளையை விட்டாள். ஓர் அறையும் சமையல்கட்டுமாக இருந்த வீட்டில் அம்மாவும் அவளும். அண்ணன் இரண்டு தெரு தள்ளி. நாடகக் குழுவில் பதினாறு வருஷம் தோழி, தாதி, கூட்டத்தில் நிற்கும் பெண் என்று காலம் தள்ளியபின்தான் ராணி வேஷம் கைக்கு வந்தது. அதற்கு முன் ராணியாக நடித்தவளுக்குத் தொண்டை கட்டிய அன்று மனசுக்குள் துள்ளிக் குதித்தவள் இவள். அதை ஒளிக்கவும் மாட்டாள். ஆசை என்றால் அவ்வளவு ஆசை.

நாடகத்து ராணியும் அப்படித்தான். தன் மகன் பட்டத்துக்கு வரவேண்டும் என்பது அவள் வெறி. குறுக்கே நிற்பது கொழுந்தன். பொய்க் குற்றத்தில் அவனுக்குத் தலை வாங்கும் தண்டனை. கடைசி நேரத்தில் மன்னிப்பு ஆணை வந்து சேர்கிறது. ராணி அதைப் படிக்கிறாள், மடிக்கிறாள், நகைப்பெட்டிக்குள் வைத்துப் பூட்டுகிறாள். தலை விழுகிறது. கடைசிக் காட்சியில் பெட்டியைத் திறந்து, ஆணையை நெஞ்சில் அறைந்துகொண்டு, "அந்த ஒரு நாழிகையைத் திருடியது நான்தான்" என்று கதறி விழவேண்டும். அவள் விழுந்தால்தான் திரை விழும்.

இதை எழுதி நடத்துகிறவரை எல்லாரும் வாத்தியார் என்பார்கள். ஒருத்தரையும் நம்பமாட்டார். பக்கத்துப் படுதாவுக்குப் பின்னால் நோட்டுப் புத்தகத்தோடு நின்று வசனம் எடுத்துக் கொடுப்பதும் அவர்தான். அதற்கு ஒரு முறை வகுத்திருந்தார். நடிகர் தடுமாறினால் முதலில் இரண்டு சொல். பிடிக்கவில்லையா, முழு வாக்கியம். அதற்கும் வாய் திறக்கவில்லையென்றால், அரங்கமே கேட்டாலும் சரி, உரக்க. இன்னொரு சட்டமும் உண்டு. வேஷம் போடும் முன் எல்லார் போனும் அணைந்து ஒரு துணிப்பைக்குள் போய்விடும். வீட்டில் அவசரம் என்றால் வாத்தியார் எண்ணுக்குத்தான் கூப்பிடவேண்டும்.

அந்த எண்ணை அண்ணனிடம் கொடுத்தவள் அவள்தான். முதல் ராணி வேஷத்தன்று காலையிலிருந்தே அம்மாவுக்கு மூச்சு இழுத்தது.

"இன்னைக்கு ஒரு நாள் போகாத" என்றான் அண்ணன்.

"டாக்டர் பாத்துட்டுப் பயமில்லன்னுதானே சொன்னாரு? ஒம்போதுக்குள்ள ஓடி வந்துடறேன். ஏதாவதுன்னா இந்த நம்பருக்குப் போடுண்ணா."

எட்டரைக்குத் திரை விழுந்தது. கைதட்டல் ஓயுமுன் வாத்தியார் தோளைத் தொட்டார். "இப்பத்தாம்மா போன் வந்துச்சு." அம்மா எட்டு பத்துக்கே போய்விட்டாள். முகத்துச் சாயத்தோடு வீட்டு வாசலில் போய் நின்றவளிடம் அண்ணன் ஒன்றே ஒன்று கேட்டான்: "நாடகம் முடிஞ்சுதா?" அதோடு பேச்சை அறுத்துக்கொண்டான். பதினோரு மாசம். அவளும் ஏன் என்று கேட்கவில்லை. போகாதே என்று சொல்லியும் போனவள்தானே, எந்த முகத்தோடு கேட்பது?

இனி வருவதைச் சொல்லும்போது எனக்கே பல்லைக் கடிக்கத் தோன்றுகிறது. அந்தப் பதினோரு மாசமும் ஒவ்வொரு ஒத்திகையிலும் வாத்தியார் அவள் காதருகே வந்து, "அம்மாவை நினைச்சுக்கோம்மா" என்பார். நினைத்துக்கொள்வாள். அழுகை வராமல் என்ன செய்யும்? "அபாரம்! இதுதான் குற்ற உணர்ச்சி!" என்று தொடையைத் தட்டுவார். சாணை பிடிக்கிறவன் கத்தியைப் பார்ப்பதுபோல் அவளைப் பார்ப்பார். அந்த அழுகைக்காகவே நாடகப் போட்டிக்கு இதைச் சேர்த்தார்கள்.

போட்டி மதியம் மூன்று மணிக்கு. வேஷ அறையில் உடுப்புகள் தொங்கும் கம்பிக்குப் பின்னால் அவள் கொண்டை ஊசி குத்திக்கொண்டிருந்தாள். அந்தப் பக்கம் தாதி வேஷக்காரி, இரண்டு பிள்ளை பெற்றவள், கெஞ்சிக்கொண்டிருந்தாள்.

"சின்னவனுக்குக் காய்ச்சல் சார். போனை மட்டும் இடுப்புல சொருகிக்கறேனே."

"மேடைன்னா என்னன்னு தெரியுமாம்மா உனக்கு?" வாத்தியார் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். "ராணி இருக்காளே, அவ அம்மா செத்த அன்னைக்கு இடைவேளையிலயே போன் வந்துடுச்சு. அண்ணன்காரன் பேசறான், அம்மா பேரைச் சொல்லிச் சொல்லிக் கூப்பிடறாங்க, உடனே அனுப்புங்கன்னு. சொல்லிடறேன்னேன். சொன்னேனா? முக்கால் மணி நேரம் நெஞ்சுக்குள்ளயே பூட்டி வெச்சிருந்தேன். எனக்கு எப்படி இருந்திருக்கும், யோசிச்சுப் பாரு!"

எனக்கு எப்படி இருந்திருக்கும்! கேட்டீர்களா கதையை?

ஊசி அவள் உச்சந்தலையில் இறங்கியது. வலிக்கவில்லை. அம்மா கூப்பிட்டிருக்கிறாள். பெயர் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறாள். நடந்தே போனாலும் இருபது நிமிஷத் தூரம். அண்ணன் கேட்ட கேள்வி இப்போதுதான் அவளுக்கு விளங்கியது. சேதி தெரிந்தும் ஆடிவிட்டு வந்தவள் என்றல்லவா அவன் நினைத்துக்கொண்டிருக்கிறான்! திருடியது ஒருவன், பதினோரு மாசமாக ஜெயிலில் கிடந்தது இவள். அந்தத் திருடனே தினமும் வந்து, அழு அழு என்று ஏவியிருக்கிறான்.

கம்பியை விலக்கிக்கொண்டு போய் அவர் குரல்வளையைப் பிடித்திருக்கலாம். பிடிக்கவில்லை. மணி அடித்துவிட்டது. பதினாறு வருஷப் பழக்கம், மணி அடித்தால் கால் தானாக மேடைக்குப் போய்விடும். அதுவும் அவளுக்கு ஆத்திரமாக இருந்தது.

அன்று ராணி அழவில்லை. மகனுக்குப் பட்டம் கேட்ட காட்சியில் முன்வரிசை நடுவர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். கடைசிக் காட்சியில் பெட்டியைத் திறந்தாள், ஆணையை எடுத்தாள்.

"ஆணை வந்தபோது அவன் உயிரோடு இருந்தான். படித்தேன். மடித்தேன். பெட்டிக்குள் வைத்தேன்."

நிறுத்திக்கொண்டாள்.

படுதாவுக்குப் பின்னாலிருந்து மெல்ல வந்தது: "அந்த ஒரு..."

அவள் அந்தப் பக்கம் திரும்பி, நேராக அவரைப் பார்த்தாள். வாயைத் திறக்கவில்லை.

"அந்த ஒரு நாழிகையைத் திருடியது நான்தான்." முன்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

அவள் ஆணையை அவர் பக்கம் நீட்டினாள். நோட்டைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். முறை முறைதானே, அவர் வகுத்த முறை. உரக்கக் கத்தினார்.

"அந்த ஒரு நாழிகையைத் திருடியது நான்தான்!"

பின்வரிசை வரை கேட்டது. கத்திய பிறகுதான் தன் வாயிலிருந்து வந்தது என்னவென்று அவருக்கு உறைத்தது.

"கேட்டுக்கொண்டேன்" என்றாள் ராணி. பெட்டியை அரியணையில் வைத்துவிட்டு நடந்து வெளியே போனாள். அவள் விழுவாள் என்று கயிற்றைப் பிடித்தபடி திரைக்காரர் காத்திருந்தார். காலி மேடை திறந்தபடியே கிடந்தது.

வேஷ அறையில் துணிப்பையைத் தலைகீழாகக் கவிழ்த்தாள். தாதியின் போனை அவள் கையில் திணித்தாள். தன்னுடையதை எடுத்து அண்ணனுக்குப் போட்டாள். அவன் எடுத்தான், பேசவில்லை.

"அன்னைக்கு இடைவேளையில நீ போன் பண்ணினது எனக்கு இன்னைக்குத்தான் தெரியும்ணா. அந்த ஆள் சொல்லவே இல்ல. எல்லாம் முடிஞ்சப்புறம்தான் சொன்னான்."

அண்ணன் கேட்டான்: "சொல்லியிருந்தா வந்திருப்பியா?"

வந்திருப்பேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், எல்லாம் சரியாகிவிடும். எதிர்க் கண்ணாடியில் கிரீடத்தோடு ஒருத்தி நின்றாள். பதினாறு வருஷம் காத்திருந்து வாங்கிய கிரீடம். அதைக் கழற்றி எறிந்துவிட்டு அன்று தெருவில் ஓடியிருப்பாளா, இன்னும் முக்கால் மணி நேரம்தானே என்று நின்றிருப்பாளா? அவளால் சத்தியம் பண்ண முடியவில்லை.

"தெரியலண்ணா" என்றாள். "நான் எப்படிப்பட்டவள்னு எனக்கே தெரியாமப் பண்ணிட்டான், பாவி."

அண்ணன் போனை வைக்கவில்லை.