கெசியா இறங்காத பேருந்து

மதியம் இரண்டு ஐம்பதுக்கு என் கைப்பேசி ஒலித்தது. என் மகள் கெசியாவின் வகுப்பு டீச்சர். அந்த நேரத்தில் அவர் அழைத்ததே இல்லை.

"கெசியாம்மா, பாப்பாவ நீங்க வந்து கூட்டிட்டுப் போயிட்டீங்களா?"

"இல்லையே டீச்சர்" என்றேன். "பாப்பாவக் காணோம்" என்றார்.

2012 ஜூலையில் ஒரு புதன்கிழமை அது. இந்தச் சாட்சியைச் சொல்ல நம் சபையில் பலமுறை எழுந்தேன். அழுகை வந்து உட்கார்ந்துவிட்டேன். அதனால் எழுதித் தருகிறேன்.

கெசியாவுக்கு அப்போது எட்டு வயது. ஆட்டிசம் உள்ள பிள்ளை. பேச்சு வராது. பேர் சொன்னால் திரும்ப மாட்டாள். சத்தமாகக் கூப்பிட்டால் காதைப் பொத்திக்கொண்டு எங்காவது ஒளிந்துகொள்வாள். பல பள்ளிகள் கைவிட்ட பிறகு ஒரகடத்தில் ஒரு பள்ளி சேர்த்துக்கொண்டது. அந்த டீச்சர் அவளிடம் குரல் உயர்த்தியதே இல்லை. ஒவ்வொரு வேலைக்கும் ஒரு படம் செய்து, நூலில் கோத்துக் கழுத்தில் மாட்டிவிட்டார். பை. வரிசை. வண்டி. கடைசியில் என் புகைப்படம். வரிசையில் கடைசியாக நின்று, முன்னால் இருப்பவரின் பையைப் பிடித்துக்கொள்ள வேண்டும். வண்டியில் ஏறி உட்கார வேண்டும். என் அலுவலக வாசலில் என் முகத்தைப் பார்த்த பிறகுதான் இறங்க வேண்டும். இதைப் பழக்க அவருக்கு ஒரு வருடம் பிடித்தது.

படப்பையில் என் அலுவலகத்திலிருந்து ஷேர் ஆட்டோ பிடித்து ஓடினேன். சாலை முழுக்கக் கண்டெய்னர் லாரிகள். ஒவ்வொரு சக்கரத்தையும் பார்த்துக்கொண்டே போனேன்.

பள்ளியைச் சுற்றி எல்லோரும் "கெசியா! கெசியா!" என்று கத்திக்கொண்டிருந்தார்கள்.

"கத்தாதீங்க! கூப்பிடாதீங்க!" என்று நானும் கத்தினேன்.

"இன்னாமா, கொயந்தய காணோம்ன்ற, கூப்டவும் வேணான்ற?" என்றார் ஒருவர்.

பள்ளிக்குப் பின்னால் ஏரி. கெசியாவுக்குத் தண்ணீர் என்றால் உயிர். இரண்டு பேர் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, கையில் கம்போடு தண்ணீரில் இறங்கினார்கள். அந்தக் கம்பு எதைத் தேடுகிறது என்று எனக்குப் புரிந்தது. கரையிலேயே முழங்காலிட்டேன்.

"ஆண்டவரே, நாங்க கூப்பிட்டா அவ பயப்படுவா. நீர் கூப்பிடும். அவ பக்கத்துல யாரையாவது உட்கார வையும்."

வேறு வார்த்தை வரவில்லை. இதையே சொல்லிக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் டீச்சர் கரைமேல் ஓடி வந்தார். "கெசியாம்மா, ஸ்கூல் வேன் இன்னிக்கு பஞ்சர். அது நிக்கிற எடத்துல பக்கத்து கம்பெனி பஸ் நின்னுச்சாம். ஷிப்ட் முடிஞ்ச பொண்ணுங்க வரிசையா ஏறினாங்களாம். வரிசையப் பார்த்தா கெசியா போய்க் கடைசியில நின்னுடுவா. நான்தானே சொல்லிக் குடுத்தேன்!" அவர் தேம்பி அழுதார்.

கம்பெனி கேட்டுக்கு ஓடினோம். டிரைவர் போனை எடுக்கவில்லை. "வண்டி ஓட்டும்போது எடுக்க மாட்டான்மா. மணிமங்கலம் ஹாஸ்டல்ல எறக்கிட்டு இங்கதான் திரும்பி வரணும்" என்றார் செக்யூரிட்டி. தகவல் கேட்டு வந்து சேர்ந்த என் கணவர் பைக்கில் மணிமங்கலம் பறந்தார். சிறிது நேரத்தில் அவரிடமிருந்து அழைப்பு. ஹாஸ்டல் வாசலில் பஸ்ஸும் இல்லை, பிள்ளையும் இல்லை. அங்கே எல்லோரோடும் இறங்கி, மெயின் ரோட்டுக்கு நடந்துவிட்டாளோ?

பஸ் திரும்பி வந்தது. காலி இருக்கைகளுக்கு நடுவே இரண்டு தலைகள் தெரிந்தன.

நான் கூப்பிடவில்லை. படிக்கு எதிரே போய் நின்றேன். கெசியா என் படத்தைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். மறுபடியும் படத்தைப் பார்த்தாள். பிறகு இறங்கி வந்து என் பையின் வாரைப் பிடித்துக்கொண்டாள். அவளைத் தவறான வண்டியில் ஏற்றிய அதே பாடம்தான், தவறான இடத்தில் இறங்காமல் அவளைக் காத்தது.

இப்போது சனிக்கிழமைகளில் அந்தப் பள்ளிக்குப் போகிறேன். டீச்சரோடு உட்கார்ந்து, கெசியா மாதிரிப் பிள்ளைகளுக்குப் படம் வெட்டி ஒட்டுகிறேன். ஒவ்வொரு படத்தின் பின்னாலும் பெற்றோரின் கைப்பேசி எண்ணை எழுதுகிறோம். ஆனாலும் மதியத்தில் போன் அடித்தால் இன்றும் எனக்குப் பயம்தான். இப்படிப்பட்ட பிள்ளையை வைத்துக்கொண்டு நடுங்குகிறவர்களே, பயம் போகட்டும் என்று காத்திருக்காதீர்கள். பயத்தோடேயே அவரிடம் வாருங்கள். அழகாக ஜெபிக்கத் தெரிய வேண்டாம். பிள்ளையின் பக்கத்தில் உட்கார ஓர் ஆளைக் கேளுங்கள். எனக்கு அவர் அனுப்பினார்.

அன்று கெசியாவின் பின்னால் ஒரு பெண் இறங்கினாள். இருபது வயது இருக்கும். தெற்கேயிருந்து வேலைக்கு வந்தவள். விடியற்காலையிலிருந்து கம்பெனி லைனில் நின்றே வேலை பார்த்ததில் கால் வீங்கியிருந்தது.

"நீ ஹாஸ்டல்ல இறங்கலையாம்மா?" என்று கேட்டேன்.

"பிள்ள இறங்கவே மாட்டேன்னுட்டுக்கா" என்றாள். "அத ஒத்தையில விட்டுட்டு நான் எப்படி இறங்க?"