நான்காம் மாடியில் நிற்காத லிஃப்ட்

அந்தப் புளோக்கில் கீழே லிஃப்ட் ஏறினால் ஐந்தாம் மாடியில் நிற்கும், அடுத்து ஒன்பதில் நிற்கும். நடுவில் இருக்கிற மாடிகளை அது திரும்பிக்கூடப் பார்க்காது. சிங்கப்பூரில் அந்தக் காலத்து அடுக்குமாடிகள் பலவற்றை அப்படித்தான் கட்டினார்கள். யாரும் முகம் சுளிக்கவில்லை. கம்பம் என்கிற பழைய கிராமத்துக் குடிசையில் கிணற்றுத் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தவர்களுக்கு, குழாயைத் திறந்தால் தண்ணீர் வருகிறது என்பதே பெரிய காரியம். லிஃப்ட் எங்கே நின்றால் என்ன?

சபியாவுக்கு வீடு கிடைத்தது நான்காம் மாடியில். சாவி வாங்கிய அன்று அவள் கணவர் சாரிப் அதையே ஒரு பெருமையாகச் சொன்னார்.

"நமக்கு யோகம்டி பியா. அஞ்சுக்குப் போயி ஒரே ஒரு மாடி எறங்குனா வீடு. மூணாம் மாடிக்காரன் ரெண்டு எறங்கணும், பாவம்!"

அப்போது அவர் துறைமுகத்தில் இழுவைப் படகில் வேலை பார்த்தார். கை தடிமன் இருக்கிற கயிற்றைத் தூக்கிக் கப்பலுக்கு வீசுகிற தோள் அது. அரிசி மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு லிஃப்ட் பக்கமே போகாமல் படியேறி வருவார். சபியா இரண்டு பிள்ளைகளை அந்தப் படியில்தான் இடுப்பில் சுமந்து இறங்கினாள். பள்ளிக்கூடக் கேண்டீனில் தட்டுக் கழுவிவிட்டு, சந்தைக்குப் போய் மீன், காய் வாங்கி, இரண்டு கையிலும் பையோடு ஐந்தாம் மாடியில் இறங்கி, அங்கிருந்து ஒரு மாடி நடந்து வீட்டுக்கு வருவாள். பெண்ணைக் கட்டிக்கொடுத்தாள், பையன் வேலைக்கென்று வேறு பேட்டைக்குப் போனான். இத்தனை வருஷத்தில் அந்த ஒரு மாடியைப் பற்றி அவள் யோசித்ததே இல்லை.

சர்க்கரை நோயில் சாரிப்பின் வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து சக்கர நாற்காலியோடு வந்தார்கள். லிஃப்ட் ஐந்தில் நின்றது, கதவு திறந்தது. படிக்கட்டின் தலைமாட்டில் வந்து நாற்காலியை நிறுத்தியபோதுதான் சபியாவுக்கு உறைத்தது. வீட்டுக் கதவு அங்கிருந்து எட்டிப் பார்த்தால் தெரிகிறது. போக வழியில்லை.

அன்றைக்கு எதிர்வீட்டு ஆள்கள் நாலு பேர் வந்து நாற்காலியோடு தூக்கி இறக்கினார்கள். நல்ல மனுஷர்கள்தான், ஒருவரும் முகம் கோணவில்லை. ஆனால் புண்ணுக்குக் கட்டு மாற்றப் போகவேண்டும், கண் டாக்டரிடம் போகவேண்டும், ரத்தப் பரிசோதனைக்குப் போகவேண்டும். ஒவ்வொரு தடவையும் சபியா கதவு கதவாகப் போய் நின்று, "தம்பி, நாளைக்குக் காலையில கொஞ்சம் கை குடுப்பீங்களா?" என்று கேட்கவேண்டும். தூக்குவது அவர்களுக்கு ஐந்து நிமிஷ வேலை. கேட்பது இவளுக்கு முதல் நாள் முழுக்க வேலை. யார் இருப்பார்கள், யாருக்கு ராத்திரி ஷிஃப்ட், யாருக்கு இடுப்பு வலி என்று மனசுக்குள் கணக்குப் போட்டே பாதி உயிர் போய்விடும். தட்டுக் கழுவுவதில் வராத அசதி, கதவு தட்டுவதில் வந்தது.

சாரிப் தூக்கும்போதெல்லாம் கண்ணை இறுக மூடிக்கொள்வார். கப்பலை இழுத்தவர் அல்லவா. கொஞ்ச நாளில் ஆஸ்பத்திரியைத் தவிர வேறெதற்கும் இறங்கமாட்டேன் என்று சொல்லிவிட்டார். வெள்ளிக்கிழமைத் தொழுகைக்குக்கூட இல்லை. காப்பிக்கடையில் பழைய படகுக் கூட்டாளிகள் உட்கார்ந்திருக்கும் மேசையும் போயிற்று.

"வாங்க அபாங், இன்னிக்கு ஒரு நாள் கீழ போயி ஒரு தேத்தண்ணி குடிச்சிட்டு வரலாம்" என்று சபியா கணவரைக் கூப்பிட்டால், "அடுத்த தடவ என்ன நிம்மதியா தூக்கிட்டுப் போவீங்க. அப்ப நான் கண்ண மூடிக்கிட்டேனான்னு யாரும் பாக்கமாட்டாங்க" என்பார். பேச்சில் சிரிப்பு இருக்கும், முகத்தில் இருக்காது. உயிர் போன ஜனாஸாவாகத்தான் அடுத்து இறங்குவேன் என்று சொல்கிறார் என்பது அவளுக்குப் புரியும். உயிரோடு, யாரையும் கெஞ்சாமல், இந்த மனுஷன் ஒரு தடவை கீழே போய் உட்காரவேண்டும். சபியாவின் ஆசை எல்லாம் அவ்வளவாகக் குறுகிவிட்டது.

ஐந்தாம் மாடியில் லிஃப்டை விட்டு வெளியே வந்தால் முதல் வீடு சீனத்து அம்மா கெக் ஹுவாயின் வீடு. எல்லாரும் ஆசோ, அதாவது அண்ணி, என்றுதான் கூப்பிடுவார்கள். புருஷன் போய்விட்டார், பிள்ளைகள் ஆஸ்திரேலியாவில். வாசலில் ஒரு மூங்கில் நாற்காலி, அதில் ஆசோ, பக்கத்தில் வருகிறவர்கள் உட்கார ஒரு சிவப்பு பிளாஸ்டிக் முக்காலி. நாலாம் மாடி, ஆறாம் மாடி, மூன்றாம் மாடி, ஏழாம் மாடி என்று பாதி புளோக் அவள் வாசலைத் தாண்டித்தான் வீட்டுக்குப் போகவேண்டும். யார் வீட்டில் இன்றைக்கு என்ன மீன், யார் மருமகள் கோபித்துக்கொண்டு போனாள், எல்லாம் ஆசோவுக்குத் தெரியும்.

சாயங்காலம் சபியா பையை இறக்கி வைத்து அந்த முக்காலியில் உட்காருவாள். அவளுக்கென்று ஆசோ ஒரு கண்ணாடித் தம்ளர் வாங்கி, பன்றி சமைக்கிற பாத்திரங்களோடு சேராமல், ஜன்னல் விளிம்பில் தனியாகக் கவிழ்த்து வைத்திருந்தாள். அதில் பார்லித் தண்ணீர் கொடுப்பாள்.

"என்ன பியா, இன்னிக்கும் செலார் மீனா? ஒங்க வீட்டுக்காரர் ஒரு நாளு மீனா மாறிடுவாரு."

"மாறுனா நல்லது ஆசோ. கடல்ல விட்டுட்டு வந்துருவேன்."

ஆசோவுக்கு இரண்டு முட்டியும் போச்சு. படி இறங்கமாட்டாள். அதனால் ஒரே மாடி கீழே இருக்கிற சாரிப்பைக் கால் எடுத்த பிறகு அவள் வந்து பார்த்ததே இல்லை. சீனப் பெருநாளுக்கு ஆரஞ்சுப் பழத்தை சபியா கையில்தான் கொடுத்தனுப்புவாள்.

இப்படி இருக்கும்போது நகர மன்றத்திலிருந்து சேதி வந்தது. லிஃப்டைப் பெரிதாக்கி, எல்லா மாடியிலும் கதவு வெட்டி நிற்க வைக்கப் போகிறார்கள். ஆனால் வீட்டுக்கு ஒரு ஓட்டு. நாலில் மூன்று பங்கு வீடுகள் சரி என்றால்தான் வேலை நடக்கும். நடுமாடிக்காரர்கள் துள்ளினார்கள். கீழ்வீடு, ஐந்து, ஒன்பது மாடிக்காரர்களுக்கு என்ன வந்தது? அவர்கள் வாசலில் லிஃப்ட் ஏற்கனவே நிற்கிறதே. தூசி பறக்கும், இடி இடிக்கும், கைக்காசு கொஞ்சம் போடவேண்டும்.

சபியா மறுபடியும் கதவு தட்டக் கிளம்பினாள். கை கொடுங்கள் என்று கேட்டுக் கேட்டுப் பழகிய வாய்தான். ஒன்பதாம் மாடி வாத்தியாரம்மா, "எங்களுக்கு எதுக்கும்மா?" என்றாள். "ஒங்களுக்கு இல்லீங்க. ஒங்க மககிட்ட கேளுங்க. நெறமாசக்காரி, ஏழாம் மாடி சிநேகிதியப் பாக்கப் போறப்ப படியில ஒக்காந்து ஒக்காந்து எறங்குறா" என்றாள் சபியா. வாத்தியாரம்மா யோசித்தாள். அப்படித்தான் ஒவ்வொரு வீடாக நகர்ந்தது.

ஆசோ வீட்டில் கதவு தட்டவேண்டிய அவசியமே இல்லை என்று சபியா நினைத்திருந்தாள். முக்காலியில் உட்கார்ந்து சும்மா பேச்சோடு பேச்சாகத்தான் சொன்னாள்.

"நான் போடமாட்டேன்" என்றாள் ஆசோ.

"வெளையாடாதீங்க."

"வெளையாட்டு என்ன? தூசி எனக்கு ஆகாது. இருமுவேன்."

"கதவச் சாத்திக்குங்க."

"கதவச் சாத்திட்டு நான் என்ன பண்ணுவேன் பியா?" ஆசோ லிஃப்ட் கதவையே பார்த்துக்கொண்டு சொன்னாள். "எல்லா மாடியிலயும் நிக்குதுன்னா அப்புறம் யாரு இந்தப் பக்கம் வருவா? நீ வருவியா?"

சபியா வருவேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அன்று காலையில் நாலு வீடு ஏறி இறங்கி, ஒரு ஆள்கூடக் கிடைக்காமல், சாரிப்பின் கட்டு மாற்றும் முறை தவறிப் போயிருந்தது. கால் கடுத்தது, தலை வலித்தது.

"ஒங்களுக்கு வேடிக்க பாக்க ஆளு வேணும்னு எங்க வீட்டு மனுஷன் உள்ளயே கெடந்து சாகணுமா?"

கேட்டுவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு இறங்கிவிட்டாள். தம்ளரில் பார்லித் தண்ணீர் பாதி அப்படியே இருந்தது.

வீட்டில் சாரிப்பிடம் சொல்லிப் பொருமினாள். அவர் சுவரைப் பார்த்தபடியே கேட்டார். "நான் செவுத்தப் பாத்துக்கிட்டு ஒக்காந்திருக்கேன். அவ ஒங்கள எல்லாம் பாத்துக்கிட்டு ஒக்காந்திருக்கா. அவளப் போயி என்னத்தச் சொல்ற? சோத்தப் போடு." சபியாவுக்குக் கோபம் இரண்டு பேர் மேலும் வந்ததுதான் மிச்சம்.

அதன்பிறகு அவள் ஐந்தாம் மாடியில் நிற்பதில்லை. தலையைக் குனிந்துகொண்டு தாண்டிப் போவாள். ஆனால் ஜன்னல் விளிம்பில் அந்தத் தம்ளர் கழுவிக் கவிழ்த்து இருப்பது கண்ணில் படாமல் போகாது.

ஓட்டு தேறியது. யார் போட்டார்கள், யார் போடவில்லை என்று யாருக்கும் தெரியாது. வேலை இதோ முடியும், அதோ முடியும் என்று இழுத்தது. ஒரு லிஃப்டை மூடி ஒன்றை மட்டும் ஓட்டினார்கள். துளை போடுகிற சத்தத்தில் பல்லே ஆடியது. காயப்போட்ட துணியெல்லாம் சாம்பல் பூத்தது. சபியாவின் நடை அந்த நாள்களில் இன்னும் தளர்ந்தது. இரண்டு தடவை சாரிப்பைத் தூக்கும்போது ஆள் போதாமல் அவளே ஒரு பக்கம் பிடித்தாள், தோள்பட்டை இறங்கிவிட்டது. சந்தோஷத்துக்குக் காத்திருக்கிற மாதிரியே இல்லை. வேலை முடிந்து எப்போது கையை அலம்பலாம் என்று இருப்பது போலத்தான் இருந்தது.

கடைசியில் திறந்தார்கள். முன்பு நாலு பேர் மூச்சை அடக்கி நிற்கிற பெட்டி, இப்போது சக்கர நாற்காலியைத் திருப்பலாம். பொத்தான்கள் உட்கார்ந்திருப்பவருக்கு எட்டுகிற உயரத்தில். கதவில் கண்ணாடி, மாடிக்கு மாடி விளக்கு. கால் இல்லாதவர்களுக்காகப் போட்டது என்று சிலர் இன்னும் சொல்கிறார்கள். அதை ஒத்துக்கொள்ள முடியாது. எரிவாயு சிலிண்டர் தூக்குகிறவன், தள்ளுவண்டியில் குழந்தை வைத்திருக்கிற தாய், பிரசவத்துக்கு அவசரமாக இறங்குகிறவள், ஸ்ட்ரெச்சரைச் சாய்த்துப் பிடித்து நோயாளியை நழுவவிடப் பார்த்த ஆம்புலன்ஸ்காரர்கள், எல்லாருக்கும்தான் அது வந்தது. விற்காமல் பூட்டிக் கிடந்த மூன்றாம் மாடி வீட்டுக்குக்கூடக் குடும்பம் வந்து விளக்கு எரிந்தது. இன்று கால் இருக்கிறவர்களுக்கு நாளைக்கு என்ன ஆகும் என்று யாரால் சொல்ல முடியும்?

மறுநாள் காலை சபியா யாரையும் கேட்கவில்லை. சாரிப்புக்குத் துவைத்த சாரோங் கட்டிவிட்டு, தலையில் சொங்கோக் தொப்பியை வைத்து, நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போனாள். சாரிப் தானே பொத்தானை அழுத்தினார். கண்ணை மூடவில்லை.

காப்பிக்கடைக் கூட்டாளிகள் பெஞ்சு நகர்த்தி இடம் விட்டார்கள்.

"யோவ் சாரிப்! நீ போயிட்டேன்னு நாங்க பாத்திஹாவே ஓதிட்டோம்!"

"அப்ப அதுக்கான சாப்பாடு எங்கடா? எடு!"

சபியா அவர்களை விட்டுவிட்டுக் கீழ்த்தளத்துக் கல் பெஞ்சில் போய் உட்கார்ந்தாள். அவள் செய்யவேண்டியது ஒன்றுமே இல்லை. அழுகை வரும் என்று நினைத்தாள், தூக்கம்தான் வந்தது. இத்தனை வருஷத்து அசதியும் ஒன்றாகத் திரண்டு வந்து கண் இமையில் உட்கார்ந்தது. உட்கார்ந்த வாக்கிலேயே தூங்கிப் போனாள்.

சாரிப் வந்து எழுப்பித் திரும்பும்போது அவள் பாதித் தூக்கத்தில்தான் இருந்தாள். லிஃப்டுக்குள் நாற்காலியை ஏற்றினாள், விரல் பொத்தானுக்குப் போயிற்று. கதவு திறந்தது, தள்ளிக்கொண்டு வெளியே வந்தாள், படிக்கட்டுப் பக்கம் திரும்பினாள். படியின் தலைமாட்டில் வந்துதான் நின்றாள். கீழே வீட்டுக் கதவு தெரிந்தது. பின்னால் லிஃப்ட் மூடிக்கொண்டு போய்விட்டது.

ஐந்தை அழுத்தியிருக்கிறாள்.

"என்னடி, உருட்டி விடப் போறியா?"

மூங்கில் நாற்காலியிலிருந்து ஆசோவின் குரல். முன்பெல்லாம் ஜனம் நடந்த அந்த நடையில் ஒருவரும் இல்லை. முக்காலி காலியாக இருந்தது. சபியாவுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. அந்த முக்காலியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"கை தானா அழுத்திடுச்சு ஆசோ."

"ஒரு வாரம் எல்லார் கையும் அப்படித்தான் அழுத்தும். அப்புறம் அதுவும் மறந்துரும்." ஆசோ எழுந்து தம்ளரைக் கழுவினாள், பார்லித் தண்ணீர் ஊற்றினாள். சாரிப்புக்குப் பெட்டியில் அடைத்த சோயாப் பாலைக் கொடுத்தாள். "நான் வேணாம்னுதான் போட்டேன். தெரிஞ்சுக்க. இப்பக் கேட்டாலும் வேணாம்னுதான் போடுவேன்."

"போடுங்க" என்றாள் சபியா. சண்டை போடத் தெம்பில்லை.

சாரிப் சோயாப் பாலை உறிஞ்சிக்கொண்டே ஆசோவைப் பார்த்தார். "எத்தன தடவ உங்க வாசல் வழியா என்னத் தூக்கிட்டுப் போயிருக்காங்க! ஒரு தடவகூட நான் ஒங்களப் பாத்ததில்ல."

"நான் பாத்தேன். கண்ண மூடிக்கிட்டு மகாராஜா மாதிரி போவீங்க. நான் பயந்து சாமி கும்பிடுவேன், இந்த ஆள கீழ போட்டுடாம இருக்கணுமேன்னு."

"போட்டிருந்தா உருண்டு எங்க வீட்டு வாசல்லயே போயி விழுந்திருப்பேன்."

"விழுந்தா நான் எங்க வந்து பாப்பேன்? எனக்குப் படி எறங்க முட்டி விடாது." சொல்லிவிட்டு ஆசோ லிஃப்ட் பக்கம் திரும்பிப் பார்த்தாள். நெடுநேரம் பார்த்தாள். "நாலுல நிக்குதுல்ல இது?"

"நிக்குது ஆசோ."

"நில்லு, செருப்பு மாட்டிக்கிறேன்."

செருப்பு மாட்டி, வீட்டைப் பூட்டி, பூட்டை இழுத்துப் பார்த்து, கடைசியில் சபியா உட்கார்ந்திருந்த சிவப்பு முக்காலியையும் கேட்டு வாங்கிக் கையில் எடுத்துக்கொண்டாள்.

"எங்க வீட்டுல நாற்காலி இல்லையா?" என்றாள் சபியா.

"இருக்கும். ஒங்க வீட்டு வாசல்ல இருக்கா?"

ஒரே ஒரு மாடி இறங்க மூன்று பேரும் லிஃப்டில் ஏறினார்கள். சாரிப்தான் நாலை அழுத்தினார்.

வாசலில் ஆசோ முக்காலியைப் போட்டு உட்கார்ந்தாள். எதிரே சாரிப் சக்கர நாற்காலியை நிறுத்திக்கொண்டார். புதுக் கதவு திறக்கும்போதெல்லாம் யார் வருகிறார்கள் என்று இரண்டு பேரும் கழுத்தை நீட்டிப் பார்த்தார்கள். யார் வீட்டுப் பையில் என்ன மீன் என்று இரண்டு பேரும் வாக்குவாதம் செய்தார்கள். சபியா உள்ளே போய்க் கட்டிலில் காலை நீட்டினாள். தோள்பட்டை வலித்தது. வெளியே பேச்சுச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. இரண்டு பேரில் ஒருவரும் அவளைக் கூப்பிடவில்லை.