பூசையில் உட்கார்ந்த பித்தளைக் குழல்

பள்ளிக்கூடத்துப் பேண்டு வாத்தியக் குழுவில் நான் சேர்ந்தது தொப்பிக்காக. சிவப்புக் குஞ்சம் வைத்த தொப்பி. கன்னம் உப்பிய பையன் என்பதால் மாஸ்டர் பெரிய பித்தளைக் குழலை என்னிடம் கொடுத்தார். எந்தப் பாட்டானாலும் எனக்கு இரண்டே சுரம். பூம், பூம். மற்றவர்கள் பாட்டு வாசிப்பார்கள், நான் எருமை மாதிரிக் குரல் கொடுத்துக்கொண்டு நிற்பேன்.

விளையாட்டு விழாவுக்கு முதல் நாள், குழல்களை வீட்டில் துலக்கி வரச் சொன்னார் மாஸ்டர்.

"நாளைக்கு மூணு மணிக்குக் குழலோட வரணும். வராட்டி வேற ஆளுக்குக் குடுத்துருவேன்லா."

காலையில் புளி போட்டுத் துலக்கிக் காயவைத்துவிட்டுக் குளிக்கப் போனேன். திரும்பி வந்தால் குழலைக் காணோம். அன்று சரசுவதி பூசை. மிஷன் பள்ளிக்கூடத்துக்கு அது தெரியாது, எனக்கும் மறந்துவிட்டது. அப்பாவின் தையல் கத்தரிக்கோலுக்கும் என் புத்தகங்களுக்கும் நடுவே, சந்தனம் குங்குமத்தோடு, வாய் நிறையச் செவ்வந்திப் பூவோடு குழல் உட்கார்ந்திருந்தது.

"அம்மா, மூணு மணிக்கு அது வேணும்மா."

"பூசையில வெச்சத இன்னிக்கு எடுக்கப்படாது. நாளைக்குக் காலையில எடுத்துக்க. மீறி எடுத்தா கை வெளங்காம போயிரும். அப்புறம் எதால பிடிச்சு ஊதுவே?"

அப்பா வெற்றிலை மென்றுகொண்டே, "கத்தரிக்கோல் இல்லாம எனக்கே இன்னிக்கு லீவு. நீயும் லீவு விடு" என்றார்.

அம்பாள் முன்னால் இருப்பதைத் தொட எனக்கும் துணிவில்லை. தொப்பியோடு மட்டும் போய் நின்றேன்.

"குழல் எங்கடா?"

"பூசையில இருக்கு சார்."

மாஸ்டர் வரிசையைக் காட்டினார். "சும்மா வரிசையில நில்லு. நாளைக்கு நானே வந்து எடுத்துக்கறேன். உனக்கு இனிமே குழல் கிடையாது."

வாத்தியம் முழங்கியது. அணிவகுத்த பையன்களுக்குக் கால் சேரவில்லை. ஒருவன் செருப்பை ஒருவன் மிதித்தான். என் பூம் வரவேண்டிய இடத்திலெல்லாம் பள்ளம் விழுந்திருந்தது. என்னை அறியாமல் வாய் திறந்தது. "பூம்! பூம்!"

பக்கத்துப் பையன் சிரித்ததில் அவன் குழல் கீச்சிட்டது. நான் நிறுத்தவில்லை. கால்கள் சேர்ந்து விழுந்தன. திடல் முழுக்கத் தொண்டை கிழியக் கத்திக்கொண்டே நடந்தேன். கண்ணில் தண்ணீர். தொப்பி எங்கேயோ விழுந்துவிட்டது, தேடவும் தோன்றவில்லை. நாளை முதல் இது இல்லையே என்பதுதான் நெஞ்சில் நின்றது.

மறுநாள் காலை மாஸ்டர் வந்துவிட்டார். அம்மா அவரை உட்காரவைத்துச் சுண்டல் கொடுத்துவிட்டு என்னிடம், "விசயதசமி. முதல்ல நீ ஊதிட்டுக் குடு" என்றாள்.

பூவை எடுத்தேன். எங்கள் ஊர் மலைக்கோயில் சாமி தண்ணீர்மலையானை நினைத்துக்கொண்டு ஊதினேன். பூம். பூம்.

அம்மா கைகூப்பியபடி காத்திருந்தாள். "அப்புறம்?"

"அவ்வளவுதாம்மா."

"இதுக்கா ஒரு வருசமா சாயங்காலம் லேட்டா வந்தே?"

வாயில் சுண்டலோடு மாஸ்டர் சொன்னார்: "அந்த ரெண்டும் இல்லாம நேத்து ஒருத்தனாலயும் நடக்க முடியலம்மா."

அப்புறம் என் பக்கம் திரும்பினார். "திங்கக்கிழமை குழலோட வந்துரு. அடுத்த வருசம் பூசை என்னிக்குன்னு மட்டும் முன்னாடியே சொல்லிரு."