வயிற்றில் எஞ்சின், முதுகில் எஞ்சின்

சூடம் எரிகிற வாசனையும் பெட்ரோல் வாசனையும் ஒன்றாக மூக்கில் ஏறினால் என் கால்கள் என்னைக் கேட்காமலே பின்னால் போகின்றன. அண்மையில் கிள்ளானில், கோயில் வாசலில் ஒரு புதுக் காருக்குப் பூசை. டயர்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம். ஐயர் சூடத்தை ஏற்றி பானெட்டுக்குக் காட்டினார். பக்கத்திலேயே ஒருவர் புல் வெட்டும் மெஷினுக்குப் பெட்ரோல் ஊற்றிக்கொண்டிருந்தார். நான் பின்னால் போய் மாலைக் கடை மேசையில் முட்டிக்கொண்டேன்.

"என்னக்கா, பேயைப் பாத்தீங்களா?" என்றார் பூக்காரர்.

பேய் இல்லை. என் அண்ணனின் படகு.

அண்ணன் பண்டமாரானில் பட்டறை வைத்திருந்தார். ஜப்பானில் பாதியாக வெட்டப்பட்டு இங்கே கப்பலில் வரும் கார்களின் எஞ்சின்களைப் பிரித்து மாட்டுவது அவர் தொழில். என் கணவர் ஆற்றோரம் மீன்பிடிப் படகுகளின் பின்னால் வெளியே தொங்கும் எஞ்சின்களை, அவுட்போர்டுகளை, பழுதுபார்ப்பவர். இரண்டு பேரும் சேர்ந்து ஒரு பழைய பந்தயப் படகை வாங்கினார்கள். கத்தி போல மெலிந்த படகு. எஞ்சின் இல்லாமல் வந்தது. சண்டை அந்தக் காலியிடத்தில்தான் தொடங்கியது.

ஓட்டப்போவது அண்ணன். வலது கையால் வேகம் கூட்டும் த்ராட்டிலை முன்னால் தள்ளுகிற அந்த ஒரு கணத்துக்காகத்தான் அவர் மற்ற நாட்களையெல்லாம் பொறுத்துக்கொண்டார்.

"எஞ்சின் வயித்துக்குள்ள இருக்கணும் மாப்ள. நடுவுல, கீழ, கனமா. அப்பதான் வளைவுல போட் தண்ணியக் கடிச்சுக்கிட்டு திரும்பும். முதுகுல தொங்கவிட்டா அது எஞ்சின் இல்ல, ஸ்கூல் பேக்."

"ஸ்கூல் பேக்க கழட்டி வைக்கலாம் மச்சான். வயித்துக்குள்ள இருக்கறத எடுக்கணும்னா ஆப்பரேஷன்தான்."

என் கணவர் அவரை எப்போதும் 'நீங்க' என்றே சொல்வார். கோபம் வந்தால் மட்டும் 'நீ' வரும்.

அவுட்போர்டுக்கு எடை குறைவு என்பார் கணவர். ஒரு பொத்தானை அழுத்தினால் சாய்வு மாறும், மூக்கு தூக்கும், படகு தண்ணீரை உரசிக்கொண்டு பறக்கும். சேற்றில் புரொப்பெல்லரைத் தூக்கிவிடலாம். மரக்கட்டை இடித்தால் தண்ணீருக்குள் நிற்கும் எஞ்சின் கால் மேலே உதைத்துக்கொண்டு தப்பித்துவிடும். வயிற்றுக்குள் வைக்கிற இன்போர்டில் புரொப்பெல்லரைச் சுழற்றும் தண்டு, ஷாஃப்ட், படகின் அடியைத் துளைத்து வெளியே வருவது. அதில் கட்டை இடித்தால் அடிவயிறே கிழியும்.

அண்ணன் விடமாட்டார். எல்லாக் கனமும் பின்னால் தொங்கினால் மூக்கு எழும்பும், அடியில் காற்று புகும், படகு மல்லாந்து விழும் என்பார். "அப்ப உன் பொத்தான எங்க அழுத்துவ? சொர்க்கத்துலயா?"

முதலில் அவுட்போர்டை மாட்டித்தான் ஓட்டிப் பார்த்தார்கள். வேகம் ஏறிவிட்டால் தண்ணீர் தண்ணீர் இல்லை, சிமெண்ட். ஒவ்வோர் அலையும் படகின் அடியில் சம்மட்டி. ஆறு பழுப்பாகக் கிழிந்து இரண்டு பக்கமும் எழுந்து விழுந்தது. கரையில் நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஏதோ இடித்தது. எஞ்சின் கால் ஆகாயத்தைப் பார்த்து உதைத்தது, அறுக்கப்போகிற ஆடு போலக் கதறியது. அண்ணனின் முகம் ஸ்டீயரிங்கில் மோதியது. கரைக்கு வந்தபோது சட்டை முழுக்க ரத்தம், முன்பல் ஒன்று இல்லை. சிரித்தார்.

"பாத்தியா பாப்பா? உன் வீட்டுக்காரன் எஞ்சின் பல்லு புடுங்குது."

"இன்போர்டா இருந்தா சிரிக்க வாயே இருந்திருக்காது மச்சான்."

மறு வாரம் அண்ணன் யாரையும் கேட்கவில்லை. படகின் அடியில் ஷாஃப்டுக்கு ஓட்டை போட்டுவிட்டார். கணவர் பட்டறைக்குள் வந்து அந்த ஓட்டையைப் பார்த்தார். அதன் வழியாகத் தரை தெரிந்தது. திரும்பி அண்ணனின் காதோடு அறைந்தார். அண்ணன் ஸ்பேனரை எடுத்துக்கொண்டார். பட்டறை முழுக்க உருண்டார்கள். எண்ணெய்த் தரையில் இரண்டு பேருடைய கைகளும் வழுக்கின. "கூட்டுல வாங்குன போட்டுடா! என்னக் கேட்டியா நீ?" என்று கணவர் கத்தினார். பிடித்து விலக்க எனக்குப் பலமில்லை. வாசலில் நின்ற லோரியில் ஏறி ஹார்னை அழுத்தினேன். அவர்கள் விடும்வரை நானும் விடவில்லை.

ஆனால் எஞ்சின் ஏறியது. எட்டு சிலிண்டர், படகின் வயிற்றில், மூடி போட்ட பெட்டிக்குள். எரிச்சல் தீராமலே கணவரும் உதவினார். ஸ்பேனர் பட்ட விலா எலும்பைத் தடவிக்கொண்டே போல்ட் முடுக்கினார்.

மூடிய பெட்டிக்குள் பெட்ரோல் ஆவி தேங்கும். காற்றைவிடக் கனம், அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும். அதை வெளியே தள்ளச் சின்னதாக ஒரு விசிறி உண்டு, ப்ளோவர் என்போம். ஸ்டார்ட் பண்ணுவதற்கு முன்னால் அதை ஓடவிட வேண்டும். இது இரண்டு பேருக்கும் தெரியும். ப்ளோவர் பொத்தானுக்கு மேலே அண்ணன் சிவப்புப் பெயிண்ட்கூட அடித்திருந்தார்.

தண்ணீரில் இறக்குகிற நாள். காலையிலிருந்தே பெட்ரோல் நிரப்பி, மூடியைச் சாத்தி, வெயிலில் நின்றது படகு. ட்ரெயிலரை ரிவர்ஸ் எடுப்பது என் வேலை. லோரியில் உட்கார்ந்து பக்கக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருந்தேன். அண்ணன் ட்ரெயிலர் டயர்களுக்கு எலுமிச்சம்பழம் வைத்தார். தேங்காய் உடைத்தார். தட்டில் சூடம் ஏற்றினார். அவர் பட்டறையில் எந்த எஞ்சினும் சூடம் பார்க்காமல் வெளியே போனதில்லை. பானெட்டைத் திறந்து எஞ்சினுக்கே காட்டுவார். அதே கை, அதே பழக்கம். படகில் ஏறி மூடியைத் தூக்கினார். கணவர் கீழே கைகூப்பி நின்றார். திறந்த காற்றில் நிற்கிற எஞ்சின்களோடே வாழ்ந்தவர் அவர்; பெட்டிக்குள் தேங்கும் ஆவி அவர் நினைவுக்கு வரவில்லை. தட்டு உள்ளே இறங்கியது.

ஸ்டார்ட்டுக்கு முன்னால் ப்ளோவர் என்று படித்திருந்தார்கள். சாமி கும்பிடுவதற்கு முன்னால் என்று எவரும் சொல்லித்தரவில்லை.

பெரிய போர்வையை ஒரே உதறாக உதறினால் வருமே, அப்படி ஒரு சத்தம். கண்ணாடி முழுக்க ஆரஞ்சு நிறம். பெட்டியின் மூடி லோரி மேல் வந்து விழுந்தது. அண்ணன் படகிலிருந்து பக்கவாட்டில் பறந்தார், வலது கை மணிக்கட்டுவரை நெருப்பு. கணவர் அவர் மேல் பாய்ந்தார். கழுத்துச் சட்டையைப் பிடித்துச் சரிவில் தரதரவென்று இழுத்துப்போய் ஆற்றில் அமுக்கினார். சேறும் உப்பும் வாயில் போக அண்ணன் அலறினார். மேலே எழ முயன்றவரை மறுபடியும் அமுக்கினார். தூரத்தில் இருந்து பார்த்தால் கொலை போலத்தான் இருந்திருக்கும்.

படகின் வயிறு எரிந்து தீர்ந்தது.

ஆஸ்பத்திரியில் கணவர் கட்டிலருகே போனார், அவர் முழங்கைகளிலும் கட்டு. அண்ணன் கண் திறந்ததும் கட்டுப்போட்ட கையாலேயே அவர் முகத்தில் அடித்தார். அடித்த வலியில் அடித்தவரே துடித்தார். "உன் வாய் மாப்ள! கிழியும் கிழியும்னு சொல்லியே எரிச்சிட்ட!" நர்ஸ் எங்களை வெளியே தள்ளினாள்.

விரல்கள் முழுசாக மடங்காது, இனி இறுக்கிப் பிடிக்க முடியாது என்றார்கள். வலது கை. த்ராட்டில் கை. அண்ணன் பட்டறைக்கு வரவில்லை. சாப்பாட்டுத் தட்டைச் சுவரில் எறிந்தார். ஓட்ட முடியாதவனுக்கு எதுக்கு உசுரு என்று என்னிடம் கேட்டார். நான் தட்டைப் பொறுக்கினேன்.

கணவர் எதுவும் கேட்கவில்லை. கரிந்த இடத்தை வெட்டியெடுத்து ஓட்டையை அடைத்து அடியைப் புதுசாகக் கட்டினார். முதுகில் அவுட்போர்டை மாட்டினார். த்ராட்டிலைக் கழற்றி இடது பக்கம் வைத்தார். பிறகு என்னை அனுப்பி அண்ணனைக் கூட்டிவரச் சொன்னார்.

அண்ணன் வந்தார், சுற்றிப் பார்த்தார். கீழே கிடந்த சுத்தியலை இடது கையால் எடுத்து எஞ்சின் மூடியில் ஓங்கி ஒரே போடு. மூடி பிளந்தது.

"அடிச்சாச்சா மச்சான்? ஏறுங்க."

ஏறினார். ஆறு மறுபடியும் கிழிந்தது. பிளந்த மூடி தடதடக்க, வளைவில் படகு ஒரு பக்கமாகப் படுத்து, அலையில் மோதி, எழுந்து, மோதி எழுந்து... இடது கை த்ராட்டிலை விடவே இல்லை. இறங்கும்போது உதட்டில் ரத்தம். பல் போன இடம் தெரியச் சிரித்தார்.

"ஓடுது. நல்லாவே ஓடுது. ஆனா முதுகுல இருந்து தள்ளுது மாப்ள. எனக்கு வயித்துல இருந்து வரணும்."

வடக்கே கடலோரம், லுமுட்டில் ஒரு படகுப் பட்டறையில் இடம் பார்த்துவிட்டாராம். அங்கே போய் இன்னொரு இன்போர்டு கட்டுவாராம், த்ராட்டில் இடது பக்கம். கருகிய எஞ்சினை அன்று மாலையே லோரியில் ஏற்றினார். கணவர்தான் கயிறு கட்டினார், தேவைக்கு மேலேயே இறுக்கி. லோரி நகர்ந்தது. கணவர் கூடவே நடந்துபோய்க் கதவைத் தட்டினார்.

"மச்சான், ப்ளோவர்! ஸ்டார்ட்டுக்கு முன்னாடின்னு நெனச்சிராதீங்க."

"சாமிக்கு முன்னாடி. தெரியும்லா, போ."